அசையாத மாப்பிள்ளை

"மாப்பிள்ளையை மூணு தடவை நல்லா கழுவிக் கழுவி ஊத்தினேன். ஆள் அசையவே இல்ல!" என்று போனில் சிரித்தாள் மகள். "வேற எவளையாவது தொடறாரான்னு இன்னிக்கே பாத்துடுங்க. தொட்டா, தூக்கிப் போட்டுட்டு வேற ஆளைத் தேடலாம்."

துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மாலையில் மருமகன் செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டாள். "ஏன் மாப்பிள்ளை, யாரு அந்த இன்னொருத்தி? உங்களைத் தங்கம்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கேனே!"

அவன் வாயே திறக்கவில்லை. காபி கொடுக்கும்போது ஒரு சுற்று, காலிக் கப்பை வாங்கும்போது இன்னொரு சுற்று என்று அம்மா விடவில்லை.

சத்தம் கேட்டு வந்த மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ அம்மா! மாப்பிள்ளைங்கறது எங்க லேப்ல ஒரு மோனோக்ளோனல் ஆன்டிபாடிக்கு வெச்ச பட்டப்பேரு. ரத்தத்துல காம்ப்ளிமென்ட்னு ஒரு புரதக் கூட்டமே இருக்கு. அதுல ஒண்ணே ஒண்ணை மட்டும் இந்த மாப்பிள்ளை தேடிப் பிடிச்சுக் காட்டிக்கொடுக்கும். வேற புரதத்தைத் தொட்டா உதவாது. சும்மா ஒட்டினதுன்னா கழுவினா போயிடும். நிஜமா பிடிச்சிருந்தா போகாது."

அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அப்ப போன்ல யாருகிட்ட பேசின?"

"இவர்கிட்டதான். இவரும் எங்க லேப்தானே, நான் கிளம்பினப்புறம் அங்க இவர்தான் இருந்தாரு!"

அம்மா மருமகனைப் பார்த்தாள். "எல்லாம் தெரிஞ்சுமா வாயை மூடிட்டிருந்தீங்க?"

"நீங்களும் மூணு தடவை கழுவி ஊத்தட்டும்னுதான் அத்தை," என்றான் அவன். "நான் சும்மா ஒட்டினவன் இல்லன்னு தெரியணுமே!"