காலரில் பாதாம் வாசம்

கேலம் அன்றும் தலை ஈரத்தோடு வீட்டுக்கு வந்தான். அவன் கழற்றிப் போட்ட சட்டையை எடுத்து மனைவி பிரைடி காலரை முகர்ந்தாள். பாதாம் வாசம். ஆறு மாதமாக இதே வாசம்தான்.

ஆறு மாதத்துக்கு முன்புதான் அவன் வேலை பார்க்கும் ஆலைக்கு பிரிஸ்பேனிலிருந்து நரெல் வந்தாள், ஆய்வுக்கூடப் பொறுப்பாளராக. நரெல் இப்படிச் சொன்னாள், அப்படிச் சிரித்தாள் என்று கேலம் சொல்லும்போதெல்லாம் பிரைடிக்கு வயிறு எரியும். எங்கே குளித்துவிட்டு வருகிறாய் என்று கேட்கத்தான் வாய் வரவில்லை. என்ன பதில் வருமோ என்று பயம்.

சனிக்கிழமை ஆலையை ஊர்க்காரர்களுக்குத் திறந்து காட்டினார்கள். கேலம் மீன் பிடிக்கப் போயிருந்தான். பிரைடி பெட்டியைக் காரில் தூக்கிப் போட்டாள். அந்த மகராசியின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, நேராக டவுன்ஸ்வில், அம்மா வீடு. முடிவே செய்துவிட்டாள்.

நரெல் நினைத்ததைவிட அழகாக இருந்தாள். அது வேறு எரிச்சல்.

"கேலம் பொண்டாட்டிதானே நீ? வா வா. எந்நேரமும் உன் பேச்சுத்தான் அவனுக்கு."

கரும்புச் சக்கையை அமிலத்தில் வேகவைத்தால் ஒரு எண்ணெய் வடியும், அதைப் பக்குவம் செய்தால் லாரிக்கு டீசல் என்று நரெல் விளக்கினாள். பிரைடி காதில் எதுவும் ஏறவில்லை. நரெல் ஒரு சீசாவைத் தள்ளிப் பிடித்து மூடியை லேசாகத் திறந்தாள்.

பாதாம் வாசம்.

ஆலைக் கொட்டகை முழுக்க அதே வாசம்தான். தாடிக்கார மேஸ்திரிமீதும் அதுவேதான். பின்பக்கக் கொடியில் நீல வேலைச் சட்டைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றைப் பார்த்ததும் வீட்டில் தான் முகர்ந்து முகர்ந்து அழுத சட்டை ஞாபகம் வந்தது. வேலையில் ஒட்டிய வாசம்தானா இது என்று வெட்கமாகப் போயிற்று பிரைடிக்கு. மனசு கேட்காமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"உன்மேலதான் சந்தேகப்பட்டேன், நரெல். தினமும் அவன் சட்டைக் காலர்ல இந்த வாசம். வெளிய கார்ல பெட்டிகூட இருக்கு."

நரெல் விழுந்து விழுந்து சிரித்தாள். பாதியில் சிரிப்பு நின்றது.

"சட்டையிலயா? இங்க குளிச்சு, துணி மாத்தாம யாரையும் வெளிய விடமாட்டோமே."

பிரைடி கொடியைத் திரும்பிப் பார்த்தாள். நரெல் மெதுவாகச் சொன்னாள்:

"வீட்டுச் சட்டை இந்தப் பக்கமே வராது, பிரைடி. அந்த வாசம் இங்கேருந்து வந்ததில்ல."