பல் விழுந்தால் ஒன்றாம் வகுப்பு

சுந்தரம்மாளின் வலது கை தலைக்கு மேலே வளைந்து போய், இடது காதுக்கு அரை அங்குலம் மேலேயே நின்றுவிட்டது.

"எட்டலையே தாயி," என்றார் தலைமையாசிரியர் பாக்கியசாமி. "அடுத்த வருஷம் கூட்டிட்டு வா."

பிறந்த தேதிக்கு யாரிடமும் சீட்டு இல்லாத ஊர். கை காதைத் தொட்டால் ஐந்து வயது முடிந்தது, தொடாவிட்டால் முடியவில்லை. விளாத்திகுளம் சாலையோரத்து அந்த ஓட்டுக் கட்டடத்தில் இத்தனை வருஷமாக அதுதான் சட்டம். போன வருஷம் ஒரு பிள்ளைக்கு இரக்கப்பட்டு இடம் கொடுத்துவிட்டு, ஆய்வுக்கு வந்த அதிகாரியிடம் அவர் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

தாய் வெயிலம்மாள் நகரவில்லை. மகளின் கையை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்த்தாள். அது முடியாமல், பிள்ளையின் தலையைச் சாய்த்துவிட்டாள்.

"ஏ, ஏ! கைதான் காதுக்குப் போகணும். காது கைக்கு வரக் கூடாது."

"சரியான சோறு இல்லாம குறுகிப்போச்சு சார். ஆறு வயசு ஆகுது. வேணும்னா பல்லைப் பாருங்க, ஆடுது!"

"இது என்ன மாட்டுச் சந்தையா, பல்லைப் புடிச்சு வயசு பாக்க?"

"மாட்டுப் பல்லு மட்டுந்தான் உண்மை சொல்லுமாக்கும்?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைத் திறக்கச் சொன்னார். கீழ்வரிசை முன்பல் ஒன்று, விரல் பட்டதும் ஆடியது.

ஆறு வயதுதான். சந்தேகமில்லை. ஆனால் ஆடுகிற பல்லை அதிகாரி ஒத்துக்கொள்ள வேண்டுமே.

"விழுந்ததும் கூட்டிட்டு வா. பொக்கை வாயைக் காட்டினா எவரும் பேச முடியாது. அன்னைக்கே எழுதிக்கிடுதேன்."

"இன்னைக்கே எழுதணும் சார்."

"நாலு நாள்ல தானா விழுந்துரும். அதுக்குள்ள பள்ளிக்கூடம் எங்கேயும் ஓடிப் போயிராது."

"பள்ளிக்கூடம் ஓடாது சார்," என்றாள் அவள். மகளின் தோளில் வைத்த கையை எடுக்கவில்லை.

பிறகு அந்தக் கை மெதுவாக வாயை நோக்கிப் போனது. சுந்தரம்மாள் உதடுகளை இறுக்கிக்கொண்டாள். கண்களையும் சேர்த்து மூடிக்கொண்டாள், பல் அந்த வழியாக வந்துவிடும் போல.

"ஏட்டி, தொறயேன்!"

"ம்ஹூம்."

கொஞ்ச நேரம் கழித்து ஒரு கண் மட்டும் திறந்தது. அது வராந்தாவில் தொங்கிய தண்டவாளத் துண்டையே பார்த்தது. பக்கத்தில் சுத்தியல்.

"மணி அடிக்கணுமா?" என்றார் பாக்கியசாமி.

வாயைத் திறக்காமல் தலை மட்டும் ஆடியது.

"வாயைத் தொறந்தா மணி."

வெகுநேரம் யோசித்து வாய் திறந்தது. அவர் பதிவேடு கட்டும் நூலில் ஒரு சுருக்குப் போட்டுப் பல்லில் மாட்டினார். மறுமுனையைத் தன் விரலில் சுற்றிக்கொண்டார். சுந்தரம்மாள் இரண்டு கையாலும் சுத்தியலைத் தூக்கினாள்.

"ஓங்கி அடி!"

அவள் பாய்ந்து அடித்தாள். அவர் விரல் இருந்த இடத்திலேயே இருந்தது.

டங்!

மூன்றாம் வகுப்பு சிலேட்டுகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடியது. இரண்டாம் வகுப்பு அதன் பின்னால் ஓடியது. எல்லோருக்கும் பின்னால், கையில் சாக்பீஸோடு நேசமணி டீச்சர் வந்தார்.

"என்ன சார், அதுக்குள்ள விட்டாச்சா?"

ஒரே அடியில் பள்ளிக்கூடத்தையே காலி செய்துவிட்ட பெருமையில் நின்ற சுந்தரம்மாள், அப்புறம்தான் நூல் நுனியில் தொங்கிய பல்லைப் பார்த்தாள். நாக்கால் ஓட்டையைத் தொட்டாள். அழலாமா என்று யோசித்தாள்.

"இன்னொருக்கா அடிக்கட்டா?"

வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்து, பல்லை நீட்டினார் பாக்கியசாமி. "சாணியில உருட்டி உங்க வீட்டுக் கூரையில எறிஞ்சிரு."

"வீட்டுக்கு வேண்டாம் சார்," என்றாள் வெயிலம்மாள் அவசரமாக. "இங்கனயே போட்டுறட்டும்."

பல் பள்ளிக்கூட ஓட்டின் மேல் ஏறியது. சேர்க்கைப் பதிவேட்டில் நாற்பத்து நான்காவது பெயராகச் சுந்தரம்மாள் ஏறினாள். பிறந்த தேதி 1.6.73. பாதிப் பள்ளிக்கூடமும் பிறந்தது ஜூன் ஒன்றாம் தேதிதான். தகப்பனார் கொம்பையா, காலமாகிவிட்டார்.

"தாய் என்ன தொழில்?"

அதுவரை வெடுக்கென்று பதில் சொன்னவள் இதற்குத் தயங்கினாள்.

"விடியக்காலையில தீப்பெட்டியாபீஸ் பஸ் வருதுல்லா சார்? ஊருக்குள்ள பிள்ளைகளை எழுப்பி, அதுல ஏத்தி விடுதது நான்தான்."

பேனா நின்றது. தீக்குச்சி அடுக்கும் வேலைக்கு அந்தப் பஸ்ஸில் ஏறிய பிள்ளைகள் எவரும் இந்தப் பதிவேட்டுக்கு வந்ததில்லை.

"பல்லு விழுந்துட்டா பஸ்ஸுக்கு ஆச்சுன்னு அங்க கணக்கு. எத்தனை பிள்ளை வாயைத் தொறந்து பாத்திருப்பேன்! நேத்து ஆளெடுக்குற ஏஜெண்டு இவ வாயைப் பாத்துட்டாரு சார். இனிமே கேட்டா, பள்ளிக்கூடத்துல பேரு ஏறிட்டுன்னு சொல்லிருவேன்."

பாக்கியசாமி அவளைப் பார்க்காமல் 'கூலி வேலை' என்று எழுதி, பதிவேட்டை அவள் பக்கம் திருப்பினார். அவள் கட்டைவிரலை அழுத்தி வைத்துவிட்டு மகளோடு படி இறங்கினாள்.

இறங்கியவள் திரும்பி வந்தாள்.

"சார், எங்க தெருவுல இன்னும் ரெண்டு பிள்ளைக்கு ஆடுது. அவிய அம்மாமாருகிட்ட நான் பேசிக்கிடுதேன். நாளைக்குக் கூட்டிட்டு வரட்டா?"

"ஏஜெண்டு உன்னை ஏசமாட்டாரா?"

"ஏசுவாரு," என்றாள்.

பாக்கியசாமி பேனாவை மூடவில்லை. சுந்தரம்மாளுக்குக் கீழே நாற்பத்தைந்து, நாற்பத்தாறு என்று எண் போட்டு வைத்தார்.