லில்லி மொட்டுக்குள் ஓர் ஆள் கூடுதல்

மழை விட்டதும் லில்லிக் கிழங்கு மொட்டு வைத்தது. மொட்டுக்குள் மகரந்தம் உருவாகும் நேரம். குரோமோசோம்கள் தத்தம் ஜோடியைத் தேடி அலைந்தன. ஜோடி சேராதது வழியிலேயே தொலைந்துபோகும்.

குட்டையான இரண்டு குரோமோசோம்கள் மட்டும் ஓரமாக நின்றன.

"நீங்க யாரு? உங்களால ஒரு ஆள் கூடுதே," என்றது பக்கத்தில் நின்ற தடித்த குரோமோசோம்.

"நாங்க ஒரே ஆளாத்தான் இருந்தோம், அண்ணே. எப்பவோ இடுப்புல ஒடிஞ்சுட்டோம்."

"ஒடிஞ்சதுக்கு யார் ஜோடி வருவா?"

அப்போது நீளமான ஒன்று தயங்கித் தயங்கி வந்தது. இடது கையை ஒரு குட்டையின் மேலும் வலது கையை மற்றதன் மேலும் வைத்து, நுனிவரை தடவிப் பார்த்தது.

"ஒரு துணுக்குகூடக் குறையலை," என்றது. "எனக்குத்தான் ஜோடியே இல்லைன்னு பயந்துட்டேன்."

குட்டைகளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பிறகு தடித்ததன் ஜோடியும் வந்தது. பார்த்தால், தடித்ததன் நடுவில் ஒரு துண்டு தலைகீழாக இருந்தது. உடம்பை வளைத்துச் சுருக்குப் போட்டால்தான் இரண்டும் பொருந்தும். அதற்கு அங்கே இடம் போதவில்லை.

குட்டைகள் இரண்டும் ஒன்றும் கேட்காமல் நகர்ந்து கொடுத்தன.