கஞ்சி ஊற்றிய ஒலிபெருக்கி

நம்பாதவர்கள் அந்த அண்டாவையே கேட்டுக்கொள்ளுங்கள்.

தேவாலயத்து ஒலிபெருக்கி வருஷக்கணக்காக "வாருங்கள், வாருங்கள்" என்று கத்திக் குரல் கம்மிப்போய், காயலான் கடைக்குப் போக இருந்தது. அடுத்த தெருப் பள்ளிவாசலின் நோன்புக்கஞ்சி அண்டா அதைக் கூப்பிட்டது.

"தம்பி, தூக்குவாளிக்கெல்லாம் வாய் சின்னது. கஞ்சி சிந்துது. கொஞ்சம் புனலா நில்லேன்."

ஒலிபெருக்கி குளித்துவிட்டு வந்து அண்ணாந்து நின்றது. பிறந்ததிலிருந்து பேச்சு மட்டுமே வெளியே போன வாய்க்குள், முதல்முறையாகச் சூடாக ஏதோ இறங்கியது. எல்லாத் தெருக்காரர்களும் வாளியோடு வந்தார்கள்.

கஞ்சி தீர்ந்ததும் அண்டா கேட்டது. "இத்தனை வருஷம் காதைக் கிழிச்சியே, என்னதான் சொல்ல வந்தே? மெதுவாச் சொல்லு."

இதுவரை யாரும் கேட்டதில்லை. ஒலிபெருக்கி நெகிழ்ந்துபோனது.

"ஸ்தோத்திரம், அண்டா பாய். முதல்ல நீங்க சொல்லுங்க, நான் கேக்கிறேன்."