மரகதவல்லி பிழை

இனி வரவிருக்கும் ஒரு காலத்தில், சிறிய செயற்கைக்கோள் செய்வோர் தம் தவறுகளை ஒருவருக்கொருவர் மறைக்காமல் சொன்னார்கள். தவறியவரின் பெயரையே தவறுக்கும் சூட்டினார்கள்.

மரகதவல்லி ஆன்டெனாவை மடக்கிக் கட்டிய இழை, விண்ணில் அறுந்து அதை விரியவிட்டிருக்க வேண்டும்; அறுபடவில்லை, செயற்கைக்கோள் ஊமையானது. அவளே முன்வந்து அதைச் சொன்னாள். பிறகு அவளுக்கு எங்கும் வேலை கிடைக்கவில்லை.

ஆண்டுகள் கழித்து, கோவையில் செயற்கைக்கோள் செய்யும் ஒரு கூடத்திற்கு வேலை கேட்டுப் போனாள். உள்ளே தலைவி தெய்வானையின் குரல் கேட்டது.

"சேந்தா, மரகதவல்லி பாத்தாச்சா?"

"பாத்தாச்சுக்கா. இழை சரியா இருக்கு."

வந்தவள் தன் பெயரைச் சொன்னதும் அனைவரும் எழுந்து நின்றார்கள். காபி வந்தது, படம் எடுத்துக்கொண்டார்கள்.

"உங்களாலதான் எங்க சாட்டிலைட் எல்லாம் இன்னைக்கும் பேசுதுங்க அக்கா!" என்றாள் தெய்வானை.

"அப்ப எனக்கு இங்க ஒரு வேலை குடும்மா. வேற தொழில் தெரியாது."

தெய்வானை தலைகுனிந்தாள். "கோவிச்சுக்காதீங்க. உங்க கை பட்டதுன்னு தெரிஞ்சா எந்த ராக்கெட்காரனும் ஏத்திக்க மாட்டான்."

மரகதவல்லி காபியைக் குடிக்காமலே வெளியேறினாள்.

"மூடுறதுக்கு முன்னாடி வேற ஏதாவது தப்பு சொல்லணுமா, சேந்தா?" என்று கேட்டாள் தெய்வானை.

அன்று காலை கைதவறி அதனுள் ஒரு மின்கம்பியின் உறையைக் கீறிவிட்டிருந்த சேந்தன், வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணுமில்லக்கா" என்று சொல்லி, செயற்கைக்கோளின் மூடியைத் திருகி மூடினான்.