சக்கரத்தில் காற்று

போரில் பிடிபட்ட அந்த எதிரி விமானத்தை ஆராய்ந்து முடித்ததுமே இன்ஜினைக் கழற்றிவிட்டார்கள். காட்சிக்கூடத்தில் நிற்பது வெறும் கூடு. ஆனாலும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் தூசி துடைக்க ஏறும் மெக்கானிக், பறந்த நேரம் காட்டும் மீட்டரில் நாற்பது நிமிடம் கூடியிருப்பதைப் பார்த்தார்.

"பழைய மீட்டர் அப்படித்தான் இருக்கும். கண்டுக்காதீங்க" என்றார் மேலாளர்.

எல்லை திறந்த வருடம் அந்த நாட்டிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். விமானத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"என் தம்பி ஓட்டினது."

குண்டடிபட்டு வயலில் இறங்கிய சிறிது நேரத்திலேயே அந்த விமானி இறந்துபோனான். உடலைத் தூக்கியவர்களில் மெக்கானிக்கும் ஒருவர். அவர் கைகூப்பினார். "மன்னிச்சுக்குங்கம்மா..."

"எதுக்கு? ஞாயித்துக்கிழமை தவறாம எங்க வீட்டு மேல ஒரு சுத்து சுத்திட்டுத்தான் போறான். கையக்கூட ஆட்டறான். இறங்குடான்னா மட்டும் இறங்க மாட்டேங்கறான்." குனிந்து சக்கரத்தை அமுக்கினார். "எப்படி இறங்குவான்? காத்தே இல்லையே!"

சனிக்கிழமை மாலை மெக்கானிக் பம்பை எடுத்துவந்து விமானத்தடியில் உட்கார்ந்தார்.

"பறக்காத விமானத்துக்குக் காத்து எதுக்குங்க?" என்று மேலாளர் கேட்டார்.

"இன்னும் ஒரு சக்கரந்தான் சார்" என்றார் அவர், நிமிராமலே.