மெத்தை நூல்

ஏதென்ஸ் படைமுகாம் மைதானத்தில் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. கலகம் தோற்றுவிட்டது, அதில் சேர்ந்த ஜெனரல் த்ராசிவூலோஸை ஊர் பார்க்கப் பதவியிறக்குகிறார்கள். வேலிக்கு வெளியே ஒருவன், "போன வாரம் குதிரை, இந்த வாரம் கழுதையாடா துரோகி?" என்று கத்த, கூட்டம் சிரிக்கிறது. பதவியிறக்கும்போது சீருடையின் தோள் சின்னத்தைப் பிய்த்தெறிவார்கள்; அது ஒரே இழுப்பில் கையோடு வர வேண்டும். அதற்காக முந்தின நாளே சீருடையை வீட்டுக்கு அனுப்பி, தையலைத் தளர்த்திக் கொடு என்று பெண்டாட்டிக்கே உத்தரவு போடுவது இங்கே வழக்கம். சார்ஜென்ட் ஸ்தமாதிஸ் இழுக்கிறான். வரவில்லை. மறுபடி இழுக்கிறான், ஜெனரலின் உடம்புதான் ஆடுகிறது. அவர் குனிந்து தோளைப் பார்க்கிறார். மனைவி எவ்தோகியா மெத்தை தைக்கும் தடித்த நூலால், நெருக்க நெருக்கமாகத் தைத்து அனுப்பியிருக்கிறாள். "வர மாட்டேங்குதுங்கய்யா" என்று ஸ்தமாதிஸ் பழைய பழக்கத்தில் முனகுகிறான். "இன்னும் என்னடா அவனுக்கு ஐயா?" என்று சடங்கை நடத்தும் கர்னல் சீறுகிறார். "இழுடா" என்கிறார் ஜெனரல், பல்லைக் கடித்துக்கொண்டு. "குண்டடிபட்டுக் கெடந்த உன்னைச் சேத்துலேருந்து நான் இப்படியா இழுத்தேன்?" ஸ்தமாதிஸின் முகம் சிவக்கிறது. காலை ஊன்றி, இரண்டு கையாலும் இழுக்கிறான். சீருடைத் துணி தோளிலிருந்து மார்புவரை கிழிந்து தொங்குகிறது. தையல் ஒன்றுகூடப் பிரியவில்லை.